பிராக் நகரில் யாரோடு நடப்பது?

செக் நாட்டின் தலைநகரான பிராக் நகருக்குப் புறப்படும் நண்பர்கள் முதலில் கேட்பது, 'இலவச' நடைச் சுற்றுலாவில் சேரலாமா, கட்டணம் கட்டலாமா என்பதைத்தான். விலையை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இலவசம் என்பதும் கடைசியில் நாம் கொடுக்கும் டிப்ஸை நம்பி நடப்பதுதான். கூட்டத்தைச் சிரிக்க வைத்தால்தான் வருமானம் என்றாகிவிட்டால், வரலாறு சற்றுப் பின்தங்கத்தான் செய்யும்.

பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தையே பாருங்கள். இன்னோர் ஊருக்கும் இப்படியொன்றைச் செய்து கொடுத்துவிடக் கூடாது என்று, அதைச் செய்த ஹனுஷின் கண்களை நகர மன்றத்தார் குருடாக்கினார்கள் என்ற கதை அங்கே வெகு பிரபலம். ஆனால் 1410-இல் அதை உருவாக்கியவர் கடான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ். வழிகாட்டி கதையைச் சொல்லட்டும், நாமும் ரசிப்போம். சொன்ன கையோடு 'இது கட்டுக்கதை' என்றும் சொல்பவரே நல்ல வழிகாட்டி. அன்று நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துக்கு எதிராகக் கிளர்ந்து 1621-இல் கொல்லப்பட்ட 27 பேரின் நினைவாக, கடிகாரத்துக்கு அருகிலேயே தரையில் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. மணி அடிக்கும்போது கடிகாரத்தில் தோன்றும் பொம்மைகளின் ஊர்வலம் முடிந்ததும் அங்கே அழைத்துச் சென்று நிறுத்துகிறாரா என்றும் கவனியுங்கள்.

மூன்று மணி நேரத்தில் நகரம் முழுவதையும் காட்டுவதாகச் சொல்லும் சுற்றுலாவைவிட, யூதர்களின் பழைய குடியிருப்பான யோசெஃபோவை மட்டும் சுற்றிக்காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கிருந்த நெருக்கடியான வீடுகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டு, இன்று விலையுயர்ந்த கடைகள் வரிசையாக நிற்கும் பாரிஷ்ஸ்கா தெரு போடப்பட்டது. பொதுச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அந்தத் தெருவோடு நடந்து, தொழுகைக்கூடங்களை வெளியிலிருந்தே காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உள்ளே செல்லத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியது உள்ளேதான் இருக்கிறது. நாஜிகளால் கொல்லப்பட்ட இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. அதை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் 1787 வரை அடக்கம் நடந்திருக்கிறது. இடம் போதாமல் மண்ணை மேலே மேலே கொட்டிப் புதைத்ததால், நினைவுக்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிச் சாய்ந்து நிற்கின்றன.

ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன், கட்டணத்தில் நுழைவுச்சீட்டு அடங்குமா, குழுவில் எத்தனை பேர் என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். முப்பது பேருக்குப் பின்னால் நின்றால், வழிகாட்டி தூக்கிப் பிடிக்கும் குடை மட்டுமே தெரியும். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் இந்தத் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் திறந்திருக்காது என்பதால், வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் யோசெஃபோவுக்கு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.