புகைக்கு விலை வைத்த சூரத்

எங்கள் வீட்டு பீரோவைத் திறந்தால் பாதிச் சேலைகள் சூரத் சரக்குதான். அந்தப் பளபளப்புக்குச் சாயம் ஏற்ற நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு நிலக்கரி அல்லது லிக்னைட். சேலை நமக்கு, புகை சூரத்துக்காரர்களுக்கு.

காற்று மாசு என்று பேச்செடுத்தாலே, "அப்போ ஆலையெல்லாம் இழுத்து மூடிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அப்படிக் கேட்க வைத்ததே நம் சட்டம்தான். 1981 காற்றுச் சட்டம் அண்மைக்காலம் வரை அதிகாரி கையில் கொடுத்திருந்தது ஒரு சம்மட்டி: ஆலையை மூடு, கரண்டை வெட்டு, கிரிமினல் வழக்குப் போடு. வரம்பைக் கொஞ்சம் தாண்டியவருக்கும் அதே அடி, நாள் முழுக்கக் கரும்புகை கக்கியவருக்கும் அதே அடி. நூறு குடும்பத்தின் சோறு போகும் என்றால் எந்த அதிகாரிக்குக் கை துணியும்? அதனால் பல வருஷம் ஒன்றுமே நடக்காது, நடந்தால் ஒரேயடியாக நடக்கும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அது தண்ணீர் விவகாரம், சரி. ஆனால் நொய்யல் நாறிப்போகும் வரை பொறுத்துவிட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்கு ஒரே நேரத்தில் பூட்டு விழுந்ததே, அந்தக் கதைதான் இதுவும்.

சூரத்தில் 2019ல் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறு வழியில் இறங்கியது. 318 ஆலைகளை எடுத்து, அதில் 162ஐக் குலுக்கல் போலப் பொறுக்கி, தூசு விடும் உரிமையை வாங்கி விற்கும் ஒரு சந்தைக்குள் கொண்டுவந்தார்கள். அந்த 162 ஆலைக்கும் சேர்த்து மாதத்துக்கு 280 டன் தூசுதான் வரம்பு என்று ஆரம்பித்து, பின்னர் அதை 170 டன் வரை இறக்கினார்கள். தூசு விடும் உரிமையில் எண்பது சதவீதம் இலவசம், மீதி ஏலம். குறைவாக விட்டவர் மிச்சத்தை விற்கலாம், கூடுதலாக விட்டவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்காமல் டபாய்த்தால், முன்கூட்டியே கட்டிய டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு தூசு என்பதைப் புகைபோக்கியில் மாட்டிய கருவியே சொல்லிவிடும்.

சந்தைக்கு வெளியே இருந்த ஆலைகளைவிட உள்ளே இருந்தவை 20 முதல் 30 சதவீதம் குறைவாகத் தூசு விட்டன. எனக்குப் பிடித்தது இந்த எண் அல்ல. பெரும்பாலான ஆலைகளில் தூசு பிடிக்கும் சாதனம் ஏற்கெனவே இருந்தது! ஒழுங்காக ஓட்டவில்லை, அவ்வளவுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு வந்ததும் முதலாளிக்கு அந்த மெஷின் ஞாபகம் வந்துவிட்டது. அடிக்காத சம்மட்டியைவிட மாதாமாதம் வரும் பில் மேல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

எனக்கு ஒரு நெருடலும் இருக்கிறது. உரிமையை வாங்கிக்கொண்டு தொடர்ந்து புகைவிடும் ஆலையின் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு, ஊர் மொத்தத்தில் தூசு குறைந்ததால் என்ன லாபம்? அந்தத் தெருவுக்கென்று தனி வரம்பு இருக்க வேண்டும். சந்தை அதைத் தானாகச் செய்யாது.

நம் ஊரிலும் பெரிய ஆலைகளின் புகைபோக்கிகளில் ஆன்லைன் கருவி இருக்கிறது, அளவுகள் வாரியத்துக்குப் போகின்றன. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்க்க இன்னும் என்ன தயக்கம்?