பேராதனையில் ‘சும்மா கிடக்கும்’ காணி

“பேராதனைக் கம்பஸில்தான் 700 ஹெக்டேயர் காணி சும்மா கிடக்கிறதே, இன்னும் நாலு கட்டடம் போட்டால் என்ன?” போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் தெரிந்த அண்ணர் ஒருவர் கேட்டார். பந்தியில் இருந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அந்தக் காணியில் நிறைய ஹந்தானை மலைச் சரிவு. அங்கே பெய்கிற மழை சின்னச் சின்ன ஓடைகளாக இறங்கி, விடுதிகளையும் விரிவுரை மண்டபங்களையும் கடந்துதான் மகாவலி ஆற்றுக்குப் போகிறது. மரத்தைத் தறித்து, சரிவை வெட்டி மட்டமாக்கி மேலே ஒரு கட்டடம் எழுப்பினால், அந்தத் தண்ணீர் மண்ணையும் சேர்த்துக்கொண்டு கீழே இருப்பவர்களிடம்தான் வரும்.

இதை முதலில் யோசித்தவர்கள் நாங்கள் இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் பேராதனைக்கு வந்தது. இடத்துக்குத் திட்டம் வரைந்தவர்களில் ஒருவர் பற்றிக் அபர்குரோம்பி. போரில் இடிந்த லண்டனுக்கும் திட்டம் போட்டவர் அவர். கூட வரைந்தவர் கிளிஃபர்ட் ஹொலிடே, கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ், பின்னால் நின்று நடத்தியவர் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். மலையும் ஆறும் எப்படிக் கிடந்தனவோ அதற்குத் தக்கபடி கட்டடங்களை வைத்தார்கள். செனட் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே ஒரு தடவை நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அங்கே படித்த காலத்தில் வவுனியாவிலிருந்து வந்து, பொல்காவலையில் ரயில் மாறி, வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சரசவி உயன ஸ்டேஷனில் விடிகாலையில் இறங்குவேன். பனி கலையாது. வாகை மரங்களிலிருந்து இரவு மழை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, மரங்களுக்கு மேலே முதலில் ஓட்டுக் கூரை தெரியும், அப்புறம்தான் கட்டடம். பதினேழு வருடமாகியும் அந்த நடை என் காலில் இருக்கிறது.

பிறகு வேலைக்குப் போன ஒரு கல்வி நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) இதற்கு நேர்மாறாகக் கண்டேன். தாழ்ந்த வயல் நிலத்தை மண் போட்டு நிரப்பி நாலு மாடி எழுப்பியிருந்தார்கள். முதல் மாரியிலேயே கீழ் மாடி விரிவுரை அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார்: “இது குளத்துக்குப் போற தண்ணி மகன். வழியில நீங்கள்தான் வந்து இருக்கிறியள்.”

சரி, அப்படியென்றால் பேராதனையில் ஒன்றும் கட்டக்கூடாதா? கட்டத்தான் வேண்டும். இன்றைக்கு ஒன்பது பீடங்கள். ஜெனிங்ஸ் காலத்தை விடப் பல மடங்கு மாணவர்கள். விடுதி இல்லாமல் வெளியில் அறை எடுத்துக் காசு கட்ட எத்தனை வீடுகளால் முடியும்? விடுதிதான் முதல் தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதைப் பீடங்களுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே வெட்டி மட்டமாக்கிய நிலத்தில் கட்டுங்கள். பழைய கட்டடங்களில் எந்த அறை எத்தனை மணிநேரம் பூட்டிக் கிடக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள். வளாகத்துக்கு ஊடாகப் போகிற கலஹா வீதியில் நடப்பவர்களுக்கு அகலமான பாதை விடுங்கள்.

பழசு எல்லாம் சரியென்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கல்படிகள் எவ்வளவு அழகோ, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு அவ்வளவு பெரிய சுவர். அபர்குரோம்பி காலத்தில் யோசிக்காததை இப்போது யோசிக்கலாம். சாய்தளம் போட மலையை வெட்டத் தேவையில்லை.

அண்ணர் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். வருகிற ஒக்டோபரில், நல்ல மழை நாளாகப் பார்த்து வாங்கோ. சரசவி உயனவில் இறங்கி, குடையோடு மேலே ஏறி, ஓடை வழியே திரும்ப ஆற்றங்கரை வரைக்கும் நடப்போம். ‘சும்மா’ கிடக்கிற இடம் எதுவென்று நீங்களே காட்டுங்கோ.