அங்கணத்து ஓரத்து வேம்பு

சித்தப்பா நேற்றும் போன் செய்தார். "ஏலே, ஒரு மரத்துக்காக எங்கப்பா கட்டுன வீட்டையே விடப் போறியா?" நாலு வருடமாக இதே கேள்வி. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறார். அதனால் இங்கே எழுதுகிறேன், அவர் முகநூலில்தான் இருக்கிறார்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் கிராமம். தாத்தா கட்டிய வீடு: செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம். வடக்குச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடியில் ஒரு வேம்பு. தாத்தா மனை வாங்கும்போதே ஆள் உயரத்துக்கு மேல் நின்றதாம். அடுப்படி மூலையில், ஜன்னலுக்குக் கீழிருந்து சாய்வாக ஒரு விரிசல் விட்டது. கொத்தனார் வந்து பார்த்தார், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, "வேரு உள்ள பூந்துருச்சு" என்றார். மறுநாளே மர வியாபாரி வந்து நின்றார். நாம் ஒரு பைசா கொடுக்க வேண்டாமாம், அவரே வெட்டி ஏற்றிக்கொள்வாராம். மரத்தின் மேல் குற்றம் சொன்னவர்களில் யாருக்குமே நஷ்டம் இல்லை என்பது அப்போதே உறுத்தியது.

கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு மண்ணைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரையில் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மாட்டின் குளம்பே வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இந்த மண்ணில் மூன்றடி அஸ்திவாரம் போட்ட வீடு வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கத்தான் செய்யும். கரிசலுக்கென்றே அடியில் குமிழ் போல அகலும் தூண் அடித்தளத்தை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. தாத்தாவுக்கு அதெல்லாம் ஏது?

நான் செய்தது சின்ன வேலை. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் காகிதத் துண்டு ஒட்டினேன், இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். சித்திரையில் ஒரு ரூபாய் நாணயம் செருகினால் நின்றது. கார்த்திகையில் தபால் அட்டை கூட நுழையவில்லை. வேர் பருத்துச் சுவரை நெட்டித் தள்ளியிருந்தால், மழை பெய்ததும் அது திரும்ப இளைக்குமா? திறந்து மூடியது மண். வேம்புக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கோடையில் அது மண்ணின் ஈரத்தை ஆழம் வரை உறிஞ்சுகிறது, மண் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குகிறது.

அப்புறம் அங்கணத்தைத் தோண்டிப் பார்த்தோம். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் குழாய், சுவரை ஒட்டியே இணைப்பு விட்டுக் கிடந்தது. எத்தனை வருடமாக ஒழுகியதோ! அந்த மூலையில் மட்டும் மண் சேறு, ஆறடி தள்ளிக் காய்ந்த கட்டி. ஒரே சுவருக்குக் கீழே இரண்டு விதமான மண் இருந்தால் சுவர் என்ன செய்யும்? வேரும் அங்கே இருந்தது, கொத்தனார் சொன்னது பொய்யில்லை. விரல் கனத்துக்கு, தண்ணீர் தேடி வந்தது. குழாயை மாற்றினோம், வாறுகாலைப் பதினைந்தடி தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். அதற்குப் பிறகு விரிசல் போய்விடவில்லை, ஆனால் கூடவும் இல்லை.

சரி, வெட்டிவிட்டால்தான் என்ன? பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. அங்கேயும் வீடு கட்டும் முன்பே நின்ற மரம், அடியோடு வெட்டினார்கள். அடுத்தடுத்த மழைகளில் திண்ணைத் தரை உப்பிக்கொண்டு வந்து, நிலைக்கதவு தட்ட ஆரம்பித்தது. காலங்காலமாக மரம் குடித்துக் காயவைத்திருந்த மண், குடிக்க ஆள் இல்லாமல் ஊறுகிறது. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டன் களிமண்ணும் இப்படித்தான். 1976 வறட்சியில் அங்கே வீடுகள் விரிசல் விட்டு, காப்பீட்டுக் கோரிக்கைகள் குவிந்தன. மரத்தை எடுத்தால் மண் உப்பி வீட்டைத் தூக்கும் என்பதையும் அங்கே தனியாகக் கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டைவிட வயதில் மூத்த மரமென்றால் ரொம்பவே யோசிக்கிறார்கள்.

இனி, சித்தப்பாவுக்குப் பிடிக்காத பகுதி. நம் வீட்டில் உண்மையிலேயே விழுந்தது எது? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். அதில் காக்கை எச்சத்தில் விழுந்து முளைத்த அரசங்கன்று, நாலு இலையோடு இருந்தபோது நான் பிடுங்கப் போனேன். "அரச மரத்துல கை வைக்காதலே" என்று எல்லோரும் சேர்ந்து தடுத்தீர்கள். தண்ணீர் கூட ஊற்றினார்கள். ஏழு வருடத்தில் வேர் காரைக்குள் புகுந்து, ஒரு மழை ராத்திரியில் எட்டடிச் சுவர் தெருவில் கிடந்தது. நல்லவேளை யாரும் நடக்கவில்லை. பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிற வேம்பை மட்டும் மஞ்சள் துணி கட்டி, மன்னிப்புக் கேட்டு, வெட்டிவிடலாமாம்!

கோயிலில் இந்தக் குழப்பம் கிடையாது. நெல்லையப்பர் கோயிலில் மூங்கில் தல விருட்சம், அதைக் கும்பிடுகிறோம். அதற்காகக் கோபுரத்தில் முளைத்ததை வளரவிட முடியுமா? அப்பர் கையில் உழவாரப்படையோடுதானே நிற்கிறார்? கோயிலில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கி எடுத்தவர் அவர். சுவரில் முளைத்ததை முதல் வருடமே வேரோடு எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்திருக்க வேண்டும். மேலே நறுக்கிவிட்டால் மறுபடி துளிர்க்கும். பெருத்த பிறகு பிடித்து இழுத்தால் கல்லும் கூடவே வரும்.

நான் மரம் வெட்டுவதற்கே எதிரி இல்லை. அடிமரம் பொந்து விழுந்து, தூரில் காளான் பூத்து, வீட்டுப் பக்கம் சாய ஆரம்பித்தால் நானே ஆள் கூட்டி வருவேன். அப்போதும் ஜேசிபி வைத்துத் தூரைப் பிடுங்க விடமாட்டேன், அஸ்திவாரத்து மண்ணும் சேர்ந்து கலையும். ஒரு பக்க வேரை மட்டும் வெட்டிவிடுவது அதைவிட மோசம், அடுத்த பெருங்காற்றுக்கு மரம் கூரை மேல்தான். பெருங்காயம் வைக்கலாம், ஆசிட் ஊற்றலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கு ஒரு கேள்வி: பட்டுப்போன மரம் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அதன் கிளை யார் தலையில் விழும்?

சித்தப்பா, கூரைப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கொப்பைப் போன வாரம் கழித்துவிட்டேன். மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் துவாரத்தை அடைத்திருந்த வேப்பஞ்சருகு இரண்டு சாக்கு வந்தது. காகிதத் துண்டுகள் ஒட்டியபடியே இருக்கின்றன. சித்திரைக்கு ஊருக்கு வாருங்கள். சட்டைப்பையில் ஒரு ரூபாய் நாணயம் எடுத்து வாருங்கள், இந்த முறை நீங்களே செருகிப் பாருங்கள்.