பத்திக் துணிக்கும் தூரிகைக்கும் பகையில்லை

ஓவியம் பயின்றால் வேலை கிடைக்காது, வடிவமைப்புப் படிப்பே பிழைக்கும் வழி என்று, கலைக் கல்வி குறித்து நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியில், தொடக்க காலத்திலேயே ஓவியத்துடன் மட்பாண்டத் தொழிலும் கற்பிக்கப்பட்டது; இன்றும் அங்கே ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு துணி வடிவமைப்பும் சுடுமண் கலையும் தனித்தனிப் பட்டப் படிப்புகளாக உள்ளன. அக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர்கள், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் செய்து விற்ற வருமானத்தைக் கொண்டே தங்கள் ஓவியப் பணியைத் தொடர்ந்தார்கள் என்பதைக் கட்டுரை (ஏனோ) தொடவேயில்லை. இரண்டையும் மோதவிடுவதற்குப் பதிலாக, முதலாண்டு மாணவரைக் கோட்டோவியப் பயிற்சிக்கு முன்பே கணினியின் முன் அமர்த்தும் அவசரத்தைத்தான் கட்டுரையாளர் கேள்விக்கு உட்படுத்தியிருக்க வேண்டும்.