தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதாது

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திரும்புகிற கூட்டமும், வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற வேன்களும் தரங்கம்பாடிக்கு ஒதுக்குவது அரை மணி நேரம். கோட்டை முன்னால் குடும்பத்தோடு ஒரு படம், பீரங்கி மேல் பிள்ளையை உட்கார வைத்து இன்னொரு படம், அலையில் கால் நனைத்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவார்கள். மறுநாள் முகநூலில் “டேனிஷ் ஊருக்குப் போய் வந்தோம்” என்று பதிவு வரும். மயிலாடுதுறைப் பக்கத்து ஆள் என்ற உரிமையில் சொல்கிறேன், இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த ஊரில் பார்க்க வேண்டியதில் கோட்டை கால் பங்குதான்.

டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னூறு வருஷம் முன்பே அங்கே துறைமுகம் இருந்தது. மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் கட்டியது. ஊரின் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டில் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். கோட்டையிலிருந்து கரையோரமாக நடந்தால் சில நிமிடத்தில் வந்துவிடும். முன்பக்கம் இருந்ததையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது. கருவறையும் விமானமும் மட்டும் மிஞ்சி, பல வருஷம் அலை மோதும் இடத்திலேயே நின்றன. பிறகுதான் கருங்கல் கொட்டித் திருப்பணி செய்தார்கள். அந்தக் கற்கள் மேல் நின்று கிழக்கே பார்த்தால், முன்பு மண்டபம் இருந்த இடத்தில் தண்ணீர் புரள்கிறது. எழுநூறு வருஷத்தில் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது யாரும் விளக்காமலே விளங்கும். கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் இங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் என் முதல் வருத்தம்.

சரி, கோட்டைக்கு வருவோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பேசியவர் ஓவே யெட்டே என்ற கடற்படைத் தளபதி. நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள், அதற்காகக் கட்டிய கோட்டைதான் டான்ஸ்போர்க். மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருக்க, கீழ்த்தளத்தில் சரக்குக் கிட்டங்கியும் சிறையும் இருந்தன. மேலே நின்று காற்று வாங்குகிறவர்கள் கீழே இருக்கிற அந்தத் தாழ்வான, வெளிச்சம் குறைந்த அறைகளுக்குள்ளும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோட்டையின் இன்னொரு முகம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், தமிழுக்கு அவ்வளவு உழைத்த பார்த்தலோமேயு சீகன்பால்குவை நான்கு மாதம் அடைத்து வைத்ததும் இதே கோட்டையில்தான். 1706 ஜூலை 9-ம் தேதி புளுட்சோ என்ற இன்னொரு பாதிரியாரோடு வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் அவர். அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் இங்கே இருந்த டேனிஷ் வியாபாரக் கம்பெனியின் கவர்னருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கடைசியில் ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டார் என்று பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கும் வேதம் சொல்ல வந்தவர்களுக்கும் நடந்த இழுபறியைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. “வெள்ளைக்காரன் எல்லாம் ஒன்றுதான்” என்ற பேச்சு இங்கே செல்லாது.

சீகன்பால்கு தமிழ் படித்த விதமே தனி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகியவர். 1712-ல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது, அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹால்லே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதம் செய்யவும் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று அங்கே இன்றும் ஓர் இடத்தைச் சொல்வார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. எந்த இந்திய மொழியிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு அச்சானதில்லை.

இங்கே ஒன்றைத் திருத்தியாக வேண்டும். “தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது” என்று வருஷா வருஷம் யாராவது பகிர்கிறார்கள். தவறு. கொல்லத்தில் 1578-லேயே தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியின் பெருமைக்குப் பொய் தேவையில்லை. எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு என்று எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் செய்துகாட்டினார்களே, அதுவே போதும்.

தேவாலயங்கள் இரண்டும் ராஜா வீதியில்தான் இருக்கின்றன. 1792-ல் திருப்பிக் கட்டிய நகர வாயில் வழியாக நடந்தே உள்ளே போங்கள், காரை வெளியே விட்டுவிடுங்கள். சீயோன் ஆலயம் 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் தமிழ்ச் சபைக்காகத் திறக்கப்பட்டது. சிலுவை வடிவக் கட்டடம், முகப்பில் கிரீடமும் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் பெயரெழுத்துகள் பின்னிய முத்திரையும் இருக்கும். எனக்கு இரண்டில் நெருக்கமானது இதுதான். சுண்ணாம்புச் சுவர், கனமான கதவு, உள்ளே நுழைந்ததும் வெயில் ஏறாத குளிர்ச்சி. பீடத்துக்கு அருகில் சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் திறந்து நான்கு மாதம்தான், 1719 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது 36. அந்த வயதுக்குள் இலக்கணம், அகராதி, மொழிபெயர்ப்பு, பள்ளிக்கூடங்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு ஒரு பெரிய நூலே எழுதினார். அதை ஹால்லேவில் இருந்த மிஷன் மேலிடத்தார் அச்சிட மறுத்து, அது வெளிவர 1867 ஆயிற்று. மதம் மாற்ற வந்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் மனிதர்களிடம் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார், அதை மறுக்கவும் கூடாது. அவர் குடியிருந்த வீட்டைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும், ஆரோன். 1733-ல் இதே ஊரில் குருப்பட்டம் பெற்றவர், இந்தியர்களில் முதல் சீர்திருத்த சபைக் (புராட்டஸ்டன்ட்) குரு அவர்தான். கடலூர்த் தமிழர். சீகன்பால்குவுக்குச் சிலை வைத்திருக்கிற ஊரில் ஆரோன் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. வந்தவர்களின் கதையைத் தெரிந்துகொண்ட அளவுக்கு இங்கே இருந்தவர்களின் கதையைத் தெரிந்துகொள்ளவில்லை என்பது சரியா?

கடற்கரைக்கு வருகிறேன். “உலகிலேயே ஓசோன் காற்று அதிகம் வீசும் இடம்” என்று சொல்லித்தான் பாதிப் பேரை இங்கே கூட்டி வருகிறார்கள். ஓசோன் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனைக்கும் ஓசோனுக்கும் சம்பந்தம் கிடையாது. சுத்தமான கடல் காற்று என்று சொன்னால் போதாதா? குழந்தைகளைக் கூட்டி வந்து பொய்யான அறிவியலை ஊட்ட வேண்டாம். குளிப்பதற்கும் இது தோதான கரை இல்லை. பாறைகள் வழுக்கும். அதிகாலையில் போய் நடங்கள், மீனவர்கள் வலையை உதறிக் காயவைக்கிற நேரத்தில் அவர்களுக்கு வழிவிட்டு நடங்கள். 2004 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள், இந்தக் கரையும் அதில் அடிபட்டதுதான். நாம் போட்டோவுக்குப் பின்னணியாக வைக்கிற படகுகள் அவர்கள் பிழைப்பு. கேட்காமல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

நேரம் இருந்தால் வடக்கே பூம்புகார் போய் வாருங்கள். கடற்கரையையும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். கீழையூரில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை அகழாய்வில் கிடைத்திருக்கிறது, படகு கட்டுகிற மரத்தூண்களோடு. அது கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தது. பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரையின் அடித்தளம் இருக்கிறது. இவை இரண்டும் வெறும் செங்கல் வரிசைதான், கோபுரம் கிடையாது, கண்ணைப் பறிக்காது. ஆனால் இந்தக் கரையில் கப்பல் வாணிகம் எத்தனை காலமாக நடந்திருக்கிறது என்று தரையில் கைகாட்டிச் சொல்ல இதைவிட வேறு சாட்சி இந்தப் பக்கத்தில் இல்லை. பௌத்த விகாரை, பாண்டியர் கோயில், லுத்தரன் தேவாலயம், மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இப்படி ஒரு கரை நமக்கு வாய்த்திருக்கிறது.

1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வங்காளத்தின் செராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் அதன் பின்னால் போனது. ஊர் வளராமல் நின்றதால்தான் பழைய தெரு பிழைத்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயிலையும் 1980-களில் நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்ப விடச் சொல்லி எங்கள் பக்கத்தில் கேட்காத ஆள் இல்லை. ரயில் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறைந்த செலவில் வருவார்கள். கூடவே கோயில், கோட்டை, இரண்டு தேவாலயம், பொறையாறு, கீழையூர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரைபடமாக, தமிழில், பெரிய எழுத்தில், பஸ் ஸ்டாண்டிலேயே வையுங்கள். ஆரோன் பெயரும் அதில் இருக்கட்டும். பெரிய செலவில்லை இது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு ராத்திரி தங்குங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அன்றைக்கு மட்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அது முடிந்த பிறகு போங்கள்.