சுருளுக்குக் கிடைக்கும் புகழில் பாதி துண்டிப்பானுக்குச் சேர வேண்டியது

பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தை நீளமான பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் கருவி தூண்டு சுருள்: இரும்பு உள்ளகத்தின் மேல் குறைந்த சுற்றுள்ள முதன்மைச் சுருள், அதன் மேல் நிறைய சுற்றுள்ள துணைச் சுருள். பழைய தூண்டு சுருளைப் பற்றி யார் எழுதினாலும் துணைச் சுருளில் எத்தனை ஆயிரம் சுற்று, பொறி எவ்வளவு நீளம் என்றே எழுதுகிறார்கள். ஓரத்தில் அதிர்ந்து மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் துண்டிப்பானை, அந்தச் சிறு சுத்தியலை, ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பேட்டரி தருவது நேர்மின்சாரம். மின்சாரம் மாறும்போதுதான் துணைச் சுருளில் அழுத்தம் எழும்; அதை வெட்டாமல் விட்டால் எத்தனை சுற்று சுற்றியும் பயனில்லை.

1830களின் இறுதியில் வந்த வாக்னர் சுத்தியல் என்ற துண்டிப்பானின் வேலை எளிது. ஸ்பிரிங் பட்டையின் நுனியில் தேனிரும்புத் துண்டு, பட்டையின் முதுகில் பிளாட்டினம் முனை, அதைத் தொட்டு நிற்கும் ஸ்குரூ. மின்சாரம் பாய்ந்ததும் உள்ளகம் காந்தமாகி இரும்பை இழுக்கும். தொடுப்பு விடும், காந்தம் போகும், பட்டை திரும்பி வந்து மறுபடி தொடும். உள்ளகம் ஒரே இரும்புக் கட்டியாக இருந்தால் அதற்குள்ளேயே சுழலும் மின்னோட்டத்தால் காந்தம் மெதுவாகவே இறங்கும். அதனால்தான் மெல்லிய தேனிரும்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டி வைத்தார்கள்.

உயர் மின்னழுத்தம் எழுவது தொடுப்பு விடும் நொடியில். அந்த வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அழுத்தம். ஆனால் முனைகள் பிரியும்போது முதன்மைச் சுருளே ஒரு பொறியைக் கிளப்பி, மின்சாரத்தை இடைவெளியின் வழியே இழுத்துக்கொண்டு போகும். 1853இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ முனைகளுக்குக் குறுக்கே மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கன்டென்சரை இணைத்தார். முனைகள் போதிய தூரம் விலகும்வரை அது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். இந்தக் கருவியின் வரலாற்றில் ஆகப் பெரிய திருத்தம் இதுதான் என்பேன். முனையில் கொழுத்த நீலப் பொறி, துணைச் சுருளில் நோஞ்சான் பொறி என்றால் முதலில் கன்டென்சரைச் சந்தேகியுங்கள். அதற்காகத் தேவைக்கு மேல் பெரியதைப் போட்டாலும் கெடுதல்தான்: வெட்டு மந்தமாகும், முனைகள் மீண்டும் தொடும்போது அதில் தேங்கியது மொத்தமாகப் பாய்ந்து அவற்றை ஒட்டவைக்கும். ஒட்டிவிட்டால் மின்சாரம் நிற்காமல் ஓடி முதன்மைச் சுருள் சூடேறும். உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

சுத்தியலைச் சரிப்படுத்த முதலில் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, சீரான ரீங்காரம் வரும்வரை மெல்ல உள்ளே திருக வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வெட்டுக்கு முன் கூடுதல் மின்சாரம் ஏறும், பொறி நீளும். அளவு மீறினால் காந்தத்தால் பட்டையை இழுக்கவே முடியாது.

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சுத்தியலின் முனைகளுக்குப் பதில் பாதரசத்தில் ஊசியை முக்கி எடுத்து மின்சாரத்தை வெட்டினார். பொறியை அடக்க மேலே ஆல்கஹால். துண்டிப்பானுக்குத் தனிப் பேட்டரி கொடுத்ததால் அதன் வேகம் சுருளைச் சார்ந்திருக்கவில்லை.

1899இல் ஜெர்மன் இயற்பியலாளர் வேனெல்ட் அசையும் பாகத்தையே நீக்கினார். நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு ஈயத் தகடு, கண்ணாடிக் குழாய் நுனியில் சற்றே நீட்டிய பிளாட்டினக் கம்பி. கம்பியைச் சுற்றி ஆவியும் வாயுவும் உறையாகச் சூழ்ந்து மின்சாரத்தை வெட்டும், உறை உடைந்ததும் மறுபடி பாயும். நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரத்துக்கு மேலும் வெட்டு விழும், கன்டென்சரும் வேண்டாம். எக்ஸ்-கதிர் எடுத்தவர்கள் இதை விரும்பியது நியாயமே. ஆனால் பிளாட்டினம் நேர்முனையில்தான் இருக்க வேண்டும். மாற்றி இணைத்தால் கம்பி வேகமாகக் கரைந்துபோகும்.