தரையில் உட்கார்ந்து போனவள் ஏழாவதாகத்தான் வருவாள்

மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வடக்கே நடந்த தேசிய ஓபன் தடகளப் போட்டிக்குப் போன நம் பகுதிப் பெண் ரயிலில் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நான் பகிர்ந்ததும் அதன் கீழே நடந்த கூத்தும் உங்களுக்குத் தெரியும். "முதல் சுற்று ஹீட்ஸிலேயே ஏழாவதாக வந்தவளுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று கேட்டவருக்கு நூற்றுக்கும் மேல் விருப்பக்குறி. அதில் என் நண்பர்களும் இருந்தார்கள். பார்த்தேன், குறித்துக்கொண்டேன்.

முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறைக் கதவருகே தரையில் உட்கார்ந்து, ஸ்பைக் ஷூ இருந்த மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி, சென்னையில் வண்டி மாறி இரண்டு இரவுகள் பயணம் செய்த பெண் ஏழாவதாகத்தான் வருவாள். எட்டாவதாக வராததே பெரிது.

"முன்கூட்டியே டிக்கெட் போட வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ரயிலில் அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும் என்பது எனக்கும் தெரியும் ஐயா. அந்தப் பெண்ணின் பெயர் போட்டிக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் வந்ததே புறப்படுவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான். பெயர் வருமா வராதா என்று தெரியாமல் இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைக்கக் கொத்தனார் வேலைக்குப் போகிற தகப்பனிடம் பணம் இருக்குமா? தட்கல் என்கிறீர்கள். ஸ்லீப்பர் பெட்டிக்குக் காலை பதினோரு மணிக்குத் தட்கல் திறந்ததும் தீர்ந்துபோகும் வேகத்தில் நம் ஆட்கள் நூறு மீட்டர் ஓடினால் இந்நேரம் நமக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடைத்திருக்கும். தேசியப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு முன்பு ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட சலுகைகளில் அதுவும் ஒன்று.

"இரண்டு நாள் பயணம் என்ன செய்துவிடும்?" என்பது அடுத்த கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் நூறு மீட்டர் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 0.005 விநாடி. அவ்வளவு மெல்லிய கணக்குள்ள விளையாட்டில், பக்கத்து லேனில் ரயில்வே அணிக்காகவோ ராணுவ அணிக்காகவோ ஓடுகிறவர் சம்பளத்தோடும் பயிற்சியாளரோடும் வந்து நிற்கும்போது, இவள் வீங்கிய கெண்டைக்காலோடு நிற்கிறாள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நடத்த வேண்டிய முறையில் நடத்தப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 1994-ல் அதே கதவருகே தினத்தாளை விரித்துப் படுத்துப் போனவன் நான். அம்மா கட்டித் தந்த புளியோதரை இரண்டாம் நாள் காலையில் ஊசிப்போய்விட்டது. நானூறு மீட்டர் ஹீட்ஸில் முந்நூறு மீட்டர் வரை இரண்டாவதாக ஓடினேன். கடைசி வளைவு முடிந்து நேர்த்தடத்தில் ஏறியதும் கால் கல்லாகிவிட்டது. என்னைத் தாண்டிப் போன நான்கு பேருடைய முதுகுப் பனியனில் இருந்த எண்களை இன்றும் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார்: "என்னடா, ஊர் சுத்திப் பாத்துட்டு வந்துட்டியா?" நான் எப்படிப் போனேன் என்று அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு.

"சக்கிமங்கலம் ரேவதி வெறுங்காலில் ஓடி டோக்கியோ போகவில்லையா?" என்று பாடம் எடுத்தவர்களிடம்தான் எனக்கு உண்மையான கோபம். மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ஓடியது நமக்கெல்லாம் பெருமைதான். பெற்றோரை இழந்த பேத்திகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் அவருடைய பாட்டி. கண்ணன் என்ற பயிற்சியாளர் கண்ணில் ரேவதி பட்டார். அந்த இருவரும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா? வெறுங்கால் அவரை ஜெயிக்க வைக்கவில்லை. வெறுங்காலையும் மீறி அவர் ஜெயித்தார். இந்த வித்தியாசம் புரியாதவர்கள் தங்கள் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் டியூஷனுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

தடகளச் சங்கத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்றார் ஒரு தம்பி. நியாயம்தான், கேட்போம். ஆனால் விருப்பக்குறி போட்டது சங்கம் இல்லையே.

நேற்று மாலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். டிராக் ஓரத்தில் உட்கார்ந்து, தேய்ந்துபோன ஸ்பைக் ஆணிகளைச் சின்னச் சாவியால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். உனக்காக எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா என்று கொஞ்சம் பெருமையாகவே ஆரம்பித்தேன். அவள் நிமிரவில்லை. "சார், அந்தப் படத்த எடுத்துருங்க சார். அப்பா பாத்தா அடுத்த போட்டிக்கு அனுப்ப மாட்டாரு" என்றாள்.

அவளிடம் கேட்காமலேதான் அதைப் போட்டிருந்தேன். நேற்றிரவே நீக்கிவிட்டேன். எடுத்துப் பகிர்ந்தவர்களும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.